பாங்காக் நான்கு நாள்: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில்

பாங்காக் போகிறவர்களில் பலர் விமான டிக்கெட்டைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அடுத்து, மலிவாகக் கிடைத்த ஹோட்டல். பார்க்க வேண்டிய இடங்களைப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு உட்கார்ந்து எழுதுகிறார்கள். உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் திட்டம் போட்டுக் கொடுத்து, அவர்கள் தடுமாறிய இடங்களைக் கேட்டுக் கேட்டு நான் வந்து சேர்ந்த முடிவு இதற்கு நேர் எதிரானது. திறக்கும் நேரமும் மூடும் நாளும் முதலில். அடுத்து எந்த இடம் எதன் பக்கத்தில் இருக்கிறது என்பது. ஹோட்டல் மூன்றாவது. விமானம் அதற்கும் பிறகு. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

விலைகளை பாட் கணக்கில் தந்திருக்கிறேன். ஒரு பாட் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று இந்திய ரூபாய். கட்டணங்கள் அவ்வப்போது கூடுவதால், இவற்றைத் தோராயமாகவே கொள்ளுங்கள்.

1. மாதமும் நாள் கணக்கும்

மூன்று முழு நாள் குறைந்தபட்சம் வேண்டும். நான்காவது நாள் இருந்தால் வெளியூர் ஒன்றைச் சேர்க்கலாம். வந்திறங்கும் நாளையும் திரும்பும் நாளையும் முழு நாளாக எண்ண வேண்டாம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடப்பதற்கு ஏற்ற பருவம். ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் நுண்தூசி மாசு கூடும் நாட்கள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் நவம்பரையோ டிசம்பர் தொடக்கத்தையோ தேர்ந்தெடுப்பது நல்லது. ஏப்ரல் கடும் வெயில். அந்த மாதம் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு. தெருவில் யார் மீதும் தண்ணீர் ஊற்றுவார்கள், கடைகள் பல மூடியிருக்கும். விழாவைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி, கோயில்களை நிதானமாகப் பார்க்க அது ஏற்ற நேரமல்ல. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். பெரும்பாலும் பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிடும். காலையை வெளியிடங்களுக்கு ஒதுக்கினால் அந்த மாதங்களிலும் சமாளிக்கலாம்.

2. மூடும் நாட்களை ஒரு தாளில் எழுதுங்கள்

இடங்களை வரிசைப்படுத்துவதற்கு முன் செய்ய வேண்டியது இது. உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத விஷயம் இது ஒன்றுதான்.

அரச மாளிகையும் அதற்குள் இருக்கும் மரகத புத்தர் கோயிலும் காலை 8.30க்குத் திறந்து பிற்பகல் 3.30க்கு மூடுகின்றன. அரச சடங்குகள் நடக்கும் நாட்களில் சில பகுதிகளுக்கோ முழு வளாகத்துக்கோ அனுமதி இராது. பயண வாரத்தில் மாளிகையின் சொந்த இணையதளத்தைப் பாருங்கள்.

தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை. நேஷனல் ஸ்டேடியம் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள பாங்காக் கலை, பண்பாட்டு மையத்துக்குத் திங்கள் விடுமுறை. சதுசக் சந்தை முழுமையாக இயங்குவது சனி, ஞாயிறில் மட்டும். சீனர் பகுதியான யாவோராத்தில் திங்கட்கிழமை மாலை நடைபாதை உணவுக் கடைகள் பல இருக்காது.

இவற்றைக் குறித்துவிட்டால் பாதித் திட்டம் தானாக அமைந்துவிடும். சதுசக் வேண்டுமென்றால் பயணத்தில் ஒரு வாரக்கடைசி இருந்தாக வேண்டும். புதன் முதல் ஞாயிறு வரை தங்குவது எனக்கு எப்போதும் பிடித்த அமைப்பு, ஏனெனில் திங்கள், செவ்வாய் விடுமுறைகள் அதில் வருவதில்லை, சதுசக்குக்கு வாரக்கடைசியும் கிடைக்கிறது.

3. நகரத்தைத் துண்டுகளாகப் பிரியுங்கள்

ஒரே நாளில் நகரின் இரண்டு மூலைகளுக்குப் போகும் திட்டம்தான் அதிகம் பேரைச் சோர வைக்கிறது. வரைபடத்தில் ஆறு கிலோமீட்டர் என்று தெரியும் தொலைவு, மாலை நெரிசலில் காரில் ஒரு மணி நேரத்தை விழுங்கும். அதனால் ஒரு நாளுக்கு ஒரு துண்டு, மிஞ்சினால் பக்கத்துத் துண்டும் சேர்த்து. அதற்கு மேல் வேண்டாம்.

ஆற்றங்கரைப் பழைய நகரம் முதல் துண்டு: அரச மாளிகை, வாட் போ கோயில், எதிர்க்கரையில் வாட் அருண் கோயில். இதற்கு ஒரு முழு நாள்.

இரண்டாவது, பழைய நகரின் கிழக்குப் பகுதி: பொன்மலை எனப்படும் வாட் சகெட், மாபெரும் ஊஞ்சல் கம்பம், வாட் சுதாட், அதனருகே பிராமணர் கோயிலான தேவஸ்தான். அந்தக் கோயிலின் மரபுச் சடங்கில் திருவெம்பாவையும் திருப்பாவையும் இன்றும் ஓதப்படுகின்றன. தமிழ் வாசகர்கள் அந்தச் சிறிய வளாகத்தைக் கண்ணில் படாமலே கடந்து போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பொன்மலைக்கு 344 படிகள். ஆனால் சரிவு மென்மையானது, வயதானவர்களும் நின்று நின்று ஏறிவிடுகிறார்கள்.

மூன்றாவது யாவோராத்தும் அதன் சுற்றமும்: ஐந்தரை டன் பொன் புத்தர் இருக்கும் வாட் த்ரைமித், சந்துச் சந்தைகள், இந்தியக் கடைகள் நிறைந்த பஹுராத், இரவில் உயிர்பெறும் பாக் கிளோங் பூச்சந்தை. இது மாலையில் பார்க்க வேண்டிய பகுதி.

நான்காவது சயாம் பகுதி: பட்டு வணிகர் ஜிம் தாம்சனின் இல்லம், பிரம்மா வீற்றிருக்கும் எராவன் சன்னதி, பேரங்காடிகள். குளிர்பதன வசதி உள்ள இடங்கள் இங்கேதான் அதிகம். ஆகவே பிற்பகல் வெயிலுக்கும் மழைக்கும் இதை இருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது துண்டையும் நான்காவதையும் ஒரே நாளில் கோக்க ஒரு நல்ல வழி உண்டு. பொன்மலையின் காலடியில் பான் ஃபா என்ற படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து சேன் சேப் கால்வாய்ப் படகில் ஏறி ஹுவா சாங் துறையில் இறங்கினால், ஜிம் தாம்சன் இல்லம் சில நிமிட நடை. காரில் நெரிசலில் நிற்கும் வேளையில் இது வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கால்வாய் நீர் தெறிக்காமலிருக்க ஓரத்தில் அமர்பவர் திரையை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

4. ஹோட்டல்: விலையைப் பார்ப்பதற்கு முன் நிலையத்தைப் பாருங்கள்

மேம்பாலத்தில் ஓடும் வான் ரயிலான பிடிஎஸ், சுரங்க ரயிலான எம்ஆர்டி ஆகிய இரண்டில் ஒன்றின் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் ஹோட்டல் இருக்க வேண்டும். முன்பதிவுத் தளங்கள் காட்டும் தொலைவு நேர்கோட்டுக் கணக்கு. வரைபடத்தில் நடைபாதை வழியைப் போட்டுப் பாருங்கள். சோய் எனப்படும் நீண்ட சந்துகளில் பல ஹோட்டல்கள் ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கின்றன. மாலையில் களைத்துத் திரும்பும்போது அந்தத் தூரம் உறைக்கும்.

பிடிஎஸ் ரயிலும் எம்ஆர்டி ரயிலும் சந்திக்கும் இடங்கள் இன்னும் வசதி: சுகும்வித் சாலையில் அசோக், சிலோமில் சாலா டேங். முதல்முறை போகும் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது சிலோம், சாத்தோன் பகுதி. படகுத்துறைக்கு எளிதாகப் போகலாம், எம்ஆர்டி ஏறினால் பழைய நகரம், அருகிலேயே சிலோம் மாரியம்மன் கோயிலும் இந்திய உணவகங்களும் உண்டு. காவோ சான் சாலை மலிவு, மாளிகைக்கும் அருகில்தான். ஆனால் ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இல்லை, இரவு இரைச்சலும் அதிகம். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் தவிர்க்கலாம்.

பல ஹோட்டல்கள் அறை எடுக்கும்போது முன்வைப்புத் தொகை கேட்கும். அதற்கும் கையில் பாட் வேண்டும்.

5. விமானம்: நேரத்தையும் நிலையத்தையும் சேர்த்துப் பாருங்கள்

பாங்காக்குக்கு இரண்டு விமான நிலையங்கள். சுவர்ணபூமி கிழக்கே, டான் மியூங் வடக்கே. போவதற்கு ஒன்றும் திரும்புவதற்கு மற்றொன்றுமாக டிக்கெட் எடுத்துவிட்டுக் கடைசி நாளில் தவறான நிலையத்துக்குப் போனவர்கள் உண்டு. டிக்கெட்டில் நிலையத்தின் பெயரை வட்டமிட்டு வையுங்கள்.

தென்னிந்தியாவிலிருந்து நள்ளிரவில் கிளம்பும் விமானங்கள் விடியற்காலையில் இறக்கிவிடும். பாங்காக் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். ஹோட்டல் அறையோ பொதுவாகப் பிற்பகல் 2 மணிக்குத்தான் தருவார்கள். தூக்கம் கெட்ட அந்தக் காலையில் அரச மாளிகையை வைக்கவே வேண்டாம். பெட்டியை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டுச் சயாம் பகுதியை மெதுவாகப் பாருங்கள், அறை கிடைத்ததும் தூங்குங்கள், மாலையில் யாவோராத் போகலாம்.

சுவர்ணபூமியிலிருந்து நகருக்கு ரயில் உண்டு. கடைசி நிலையமான பயா தாய் வரை அரை மணி நேரம், 45 பாட். அங்கே பிடிஎஸ் மாறலாம். எம்ஆர்டி வேண்டுமென்றால் மக்கசானில் இறங்க வேண்டும். மூன்று நான்கு பேரும் பெட்டிகளும் இருந்தால் டாக்சியே மேல். மீட்டர் கட்டணத்துடன் 50 பாட் விமான நிலையக் கட்டணமும் மேம்பாலச் சுங்கமும் சேரும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தால் ஓட்டுநரோடு வாக்குவாதம் வராது.

6. ஆவணங்கள்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். விசா விதியைப் பழைய கட்டுரைகளையோ நண்பரின் அனுபவத்தையோ நம்பி முடிவு செய்யாதீர்கள். இந்தியர்களுக்கு வருகையின்போது விசா என்பது 2023 நவம்பரில் 30 நாள் விசா விலக்காகவும், 2024 ஜூலையில் 60 நாளாகவும் மாறியது. இவ்வளவு விரைவாக மாறும் விதியைப் புறப்படும் மாதத்தில் தாய்லாந்து தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபார்ப்பதுதான் பாதுகாப்பு. இலங்கைக் கடவுச்சீட்டுக்கான விதி தனி. அதையும் அங்கேயே பாருங்கள்.

2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. தேடுபொறியில் முதலில் வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றமளித்துப் பணம் பறிக்கின்றன. குடிவரவுத் துறையின் உண்மையான முகவரி ‘go.th’ என்று முடியும். பணம் கேட்கும் பக்கம் வந்தால் மூடிவிடுங்கள். குழந்தைகளுக்கும் தனித்தனி அட்டை வேண்டும்.

திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு இரண்டையும் அச்சிட்டுக் கைப்பையில் வையுங்கள். குடிவரவு மேசையில் கேட்டால் செல்பேசியில் தேடிக்கொண்டிருக்க நேரிடாது. செலவுக்குப் பணம் இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

மின்சிகரெட் தாய்லாந்தில் தடைசெய்யப்பட்டது. யாருடைய பையிலாவது இருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.

7. பணமும் கட்டண அட்டையும்

நடைபாதைக் கடை, படகு, கோயில் நுழைவு எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். வருகைக் கூடத்தில் முதலில் கண்ணில் படும் மாற்றுமையங்களில் விகிதம் மோசம். சுவர்ணபூமியின் அடித்தளத்தில், ரயிலுக்குப் போகும் வழியில் இருக்கும் மையங்கள் மேலானவை.

ஏடிஎம் எந்திரம் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிக்கும். எனவே சிறிது சிறிதாக எடுக்காதீர்கள். திரையில் ரூபாய்க் கணக்கிலா, பாட் கணக்கிலா என்று கேட்டால் பாட் என்பதையே அழுத்துங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை எந்திரத்தின் வங்கி தன் விருப்பப்படி வைக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொடாமல் செலுத்தும் வசதியையும் புறப்படும் முன்பே வங்கிச் செயலியில் திறந்து வையுங்கள்.

8. ரயிலும் படகும்

பிடிஎஸ், எம்ஆர்டி இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள் நடத்துபவை. ஒன்றின் டிக்கெட் மற்றொன்றில் செல்லாது. எம்ஆர்டி வாயிலில் வீசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தொட்டுச் செல்லலாம். ஓர் அட்டைக்கு ஒருவர்தான். ஒரே அட்டையால் குடும்பம் முழுவதையும் உள்ளே அனுப்ப முடியாது. பிடிஎஸ் ரயிலுக்குப் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ராபிட் அட்டை அல்லது அன்றன்றைய டிக்கெட்.

ஆற்றில் மூன்று வகைப் படகுகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். பிடிஎஸ் ரயிலின் சபான் தாக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழே சாத்தோன் துறை. அங்கே ஆரஞ்சுக் கொடி கட்டிய விரைவுப் படகு ஊர் மக்கள் போவது. எவ்வளவு தூரம் போனாலும் ஏறத்தாழ 16 பாட். நீலக் கொடிப் படகு சுற்றுலாப் பயணிகளுக்கானது, விலை அதிகம். நீள்வால் படகுக்கு ஆள் பிடிப்பவர்கள், படகு இல்லை என்றுகூடச் சொல்வார்கள். ‘ஆரஞ்சுக் கொடி’ என்று கேட்டு அதற்குரிய வரிசையில் நில்லுங்கள். மாலை 6 மணிக்குப் பிறகு இந்தப் படகுகள் குறைந்துவிடும், ஆகவே திரும்பும் வழியை ரயிலை நம்பிப் போடுங்கள்.

9. பழைய நகர நாளை மணிவாரியாக அமையுங்கள்

பயணத்தின் முதுகெலும்பு இந்த நாள்தான். வந்த மறுநாளே வையுங்கள். ஏதேனும் காரணத்தால் தவறினாலும் இன்னொரு காலை மீதமிருக்கும்.

உடையை முந்தைய இரவே எடுத்து வையுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத மேலாடை, அரைக்கால் சட்டை, கிழிசல் ஜீன்ஸ், உடலோடு ஒட்டிய லெக்கின்ஸ் எதற்கும் மாளிகையில் அனுமதி இல்லை. கையில்லாத உடைமேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டாலும் திருப்பி அனுப்பக்கூடும். சல்வார் கமீஸ், முழுக்கால் சட்டை எல்லாம் சிக்கலில்லாதவை. எளிதில் கழற்றி மாட்டும் செருப்பே போதும், ஏனெனில் ஒவ்வொரு சன்னதியிலும் கழற்ற வேண்டும்.

காலை 8.15க்கு மாளிகை வாசலில் இருங்கள். எம்ஆர்டி ரயிலில் வந்தால் சனாம் சாய் நிலையம், படகில் வந்தால் தா சாங் துறை. பயணிகள் நுழையும் வாசல் வடக்குப் பக்கம், நா பிரா லான் சாலையில் இருக்கிறது. சனாம் சாயிலிருந்து நல்ல நடை. அதையும் நேரக் கணக்கில் சேருங்கள். கட்டணம் 500 பாட். ஒன்பதரைக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் வந்துவிட்டால் மரகத புத்தர் சன்னதியில் நின்று பார்க்க இடம் கிடைக்காது.

ஆகவே உள்ளே போனதும் முதலில் சன்னதி. சிலை சிறியது, 66 சென்டிமீட்டர்தான், உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே படம் எடுக்கக்கூடாது. அமரும்போது கால்களைச் சிலை நோக்கி நீட்டாமல் மடக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு சுற்றுப் பிரகாரம். பலர் இதை வெறும் நிழலாகக் கருதி நடந்துவிடுகிறார்கள். அந்தச் சுவர்களில் 178 பகுதிகளாகத் தாய்லாந்தின் ராமாயணமான ராமகியன் வரையப்பட்டிருக்கிறது. கதை வடக்கு வாசலருகே தொடங்கி வலமாகச் சுற்றுகிறது. கம்பனைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எந்தக் காட்சியும் விளக்கமில்லாமலே புரியும், எங்கே கதை மாறுகிறது என்பதும் தெரியும். அரை மணி நேரமாவது கொடுங்கள். மாளிகைக் கட்டடங்களை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

பதினொன்றரை வாக்கில் வெளியே வந்து தா தியன் துறைப் பக்கம் உணவும் ஓய்வும். அடுத்தது வாட் போ, 300 பாட். 46 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் புத்தர் கூரைக்கடியில் இருப்பதால் நண்பகலுக்கு ஏற்ற இடம். பாதங்களில் முத்துச்சிப்பியால் பதித்த 108 மங்கலக் குறிகளைப் பார்க்காமல் வராதீர்கள். கூட்டம் முகத்தருகே நின்றுவிடுகிறது. வளாகத்திலேயே தாய் மசாஜ் பள்ளி உண்டு, காலையெல்லாம் நடந்த கால்களுக்கு நல்லது.

வெயில் தாழ்ந்ததும், நான்கு மணி அளவில், தா தியனிலிருந்து சில பாட் கொடுத்து ஆற்றைக் கடந்து வாட் அருண், 200 பாட். படிகள் மிகச் செங்குத்து. ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம், முதியவர்கள் கீழேயே சுற்றி வரட்டும். சூரியன் மறைவதற்கு முன் மீண்டும் இக்கரைக்கு வந்துவிடுங்கள். வாட் அருண் மேற்குக் கரையில் இருப்பதால், கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குவது கிழக்குக் கரையிலிருந்துதான் தெரியும்.

10. ‘இன்று மூடியிருக்கிறது’ என்று சொல்பவர்

மாளிகையைச் சுற்றிலும் நல்ல உடையுடன், பண்பாகப் பேசும் ஒருவர் உங்களை நிறுத்துவார். இன்று பிரார்த்தனை, பிற்பகல்தான் திறக்கும் என்பார். அதுவரை மிகக் குறைந்த விலையில் டுக்-டுக் வண்டியில் வேறு கோயில்கள் பார்க்கலாம் என்பார். வண்டி கடைசியில் போய் நிற்பது ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோதான்.

பதில் பேச வேண்டாம். வாசல் வரை நடந்து, டிக்கெட் சாளரத்தில் மட்டும் கேளுங்கள். டாக்சி என்றால் மீட்டர் போடச் சொல்லுங்கள், மறுத்தால் அடுத்த வண்டி. கிராப், போல்ட் செயலிகளும் இயங்குகின்றன. ஏமாற்றப்பட்டால் சுற்றுலாக் காவல்துறை எண் 1155.

11. சைவ உணவு

காய்கறி மட்டும் போட்டுச் சமைத்தது என்று கடைக்காரர் மனதாரச் சொல்லும் உணவிலும் மீன் சாறு இருக்கும். அவர் ஏமாற்றவில்லை, அங்கே அது உப்பு போலச் சேர்க்கப்படுவது. குழம்பு விழுதுகளிலும் இறால் விழுது உண்டு. ‘ஜே’ என்று சொல்லிக் கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகள் இந்த வகை. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இராது, பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை. மீன் சாறு வேண்டாம் என்பதைத் தாய் மொழியில் செல்பேசியில் எழுதி வைத்துக் காட்டுவது வாயால் சொல்வதைவிடப் பயனளிக்கிறது. பஹுராத்திலும் சிலோமிலும் இந்தியச் சைவ உணவகங்கள் கிடைக்கும். காலையில் பல கடைகள் தாமதமாகத் திறப்பதால் சிற்றுண்டியை ஹோட்டலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

12. நான்காம் நாளும் புறப்பாடும்

பழைய தலைநகரான அயுத்தயா, பாங்காக்குக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தாம்னொன் சடுவாக் மிதக்கும் சந்தை தென்மேற்கே 100 கிலோமீட்டர். இரண்டையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்லும் பயணத்தில் வண்டிக்குள்தான் நாள் போகும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், என் தேர்வு அயுத்தயா.

2023 ஜனவரி முதல் நெடுந்தூர ரயில்கள் குருங் தேப் அபிவாட் என்ற புதிய நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. எம்ஆர்டி பாங் சூ நிலையத்தில் இறங்க வேண்டும். பழைய ஹுவா லம்போங்கிலிருந்து சாதாரண ரயில்கள் மட்டும் போகின்றன. டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். ஏழு மணிக்குள் ஏறினால் வெயிலுக்கு முன் இடிபாடுகளில் பாதியைப் பார்த்துவிடலாம்.

புத்தர் சிலை வாங்கினால், அதை நாட்டை விட்டு எடுத்துச் செல்ல நுண்கலைத் துறையின் அனுமதி தேவை என்பதை வாங்குவதற்கு முன்பே கடையில் பேசிக்கொள்ளுங்கள். கடைசி நாளில் அறையை நண்பகலில் ஒப்படைத்தாலும் பெட்டியை ஹோட்டலில் வைத்துவிட்டு வெளியே போகலாம். விமான நிலையத்துக்கு மாலை 5 முதல் 8 வரை காரில் போக நேர்ந்தால் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள், அல்லது பயா தாய்க்குப் போய் ரயிலேறிவிடுங்கள்.